அம்மாயி பாட்டும் மாட்ரிகல் பாட்டும்

ஆண்டு விழா வருகிறது. நிகழ்ச்சி நிரலில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நம்ம எஸ்டேட் பாட்டைப் பாட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி, இத்தாலி வழியாகத்தான் வரப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் மறுமலர்ச்சி பாடம் நடந்தது. டாவின்சி, மைக்கேல் ஆஞ்சலோ, ரஃபேல் எல்லாரையும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டோம். "சரி டீச்சர், அந்தக் காலத்து ஜனங்க என்ன பாட்டு பாடுனாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. டீச்சர் கோபப்படவில்லை. மறுநாள் போனில் ஒரு பாட்டு போட்டுக் காட்டினார். அதற்குப் பெயர் மாட்ரிகல்.

மாட்ரிகல் 1500-களில் இத்தாலியில் வளர்ந்த பாட்டு. அந்தப் பெயரைப் போட்ட முதல் புத்தகம் 1530-இல் ரோமில் அச்சானது. பெரும்பாலும் மேளம் கிடையாது, வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். நாலு பேர், ஐந்து பேர், சில பாட்டுக்கு ஆறு பேர். எல்லாரும் ஒரே மெட்டைப் பாட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு மெட்டு. ஒருத்தர் ஆரம்பிக்க, அடுத்தவர் பின்னாலேயே வர, மூன்றாவது ஆள் குறுக்கே நுழைய, கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சேரும். சர்ச்சில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று பிரித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் இது சாமி பாட்டு இல்லை. சர்ச்சில் லத்தீன் மொழி இருந்தது. இது வீட்டில் பேசுகிற இத்தாலிய மொழியில் காதலையும் பிரிவையும் பாடியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாம். ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம், அதில் அவரவர் குரலுக்கு உரியது மட்டும் இருக்கும். ஒருத்தர் புத்தகத்தைத் தொலைத்தால் போச்சு, பாட்டு அரைகுறைதான்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்து பாட்டு ஒன்று. தாமஸ் வீல்க்ஸ் என்பவர் செய்தது, 1601-இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. ஒரு தேவதை மலையிலிருந்து இறங்குகிறாள் என்று கதை. இறங்குகிறாள் என்றால் ஸ்வரமும் இறங்குகிறது. ராணி எதிரில் ஏறி வருகிறாள், ஸ்வரமும் ஏறுகிறது. இரண்டு இரண்டு பேராக என்ற இடத்தில் இரண்டு குரல், மூன்று மூன்றாக என்றால் மூன்று குரல், தனியாக என்றவுடன் ஒரே ஒரு குரல் மட்டும். மலையில் ஏறி இறங்கியே பள்ளிக்கு வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரான்சில் ஜானெகன் என்பவர் பாரிஸ் தெருவில் சாமான் விற்பவர்கள் போடும் சத்தத்தையே கோர்த்துப் பாட்டாக்கிவிட்டார். குன்னூர் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் நாலு குரல் பாட்டு ரெடியாக இருக்கும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

எங்க அம்மாயி சிலோன் எஸ்டேட்டில் பிறந்தவங்க. 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி! அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பித்தார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதான். ஆனால் யாரும் வெளியில் சொல்வதில்லை. 'சிலோன்காரங்க' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அம்மாயி கப்பலில் வரும்போது கொண்டுவந்ததில் கஸ்டம்ஸில் காட்டாத ஒரே சாமான் பாட்டுதான். 'பாட்டு படிக்கிறது' என்றுதான் அவங்க சொல்வாங்க, பாடுறது என்று சொல்ல மாட்டாங்க. நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, பக்கத்து நிரையில் இருக்கிறவங்க வாங்கிப் படிப்பாங்க. கண்டிச் சீமைக்குக் கால்நடையாகப் போனது, காப்பித் தோட்டத்தில் அண்ணனைப் பறிகொடுத்தது, கங்காணி கணக்கில் தீராத கடன், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவது எல்லாம் அதில் வரும். சில பாட்டில் துரையையும் கங்காணியையும் கிண்டல் செய்வது இருக்கிறது பாருங்கள், சிரித்தால் வயிறு வலிக்கும்.

இந்தப் பாட்டு ஒன்றை ஆண்டு விழாவுக்குச் சொன்னபோது வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அழுகைப் பாட்டு, ஒப்பாரி மாதிரி இருக்கிறது, விழாவுக்கு மங்களகரமாக இருக்காது என்று காரணம். சினிமாவில் வந்த கிராமத்துப் பாட்டு ஒன்றுக்கு டான்ஸ் என்று முடிவாகும் போல இருக்கிறது.

அழுகை என்பது ஒரு காரணமா? 1539-இல் வெனிஸில் அச்சான ஆர்க்கடெல்ட்டின் மாட்ரிகல் புத்தகத்தில் மிகவும் பேர் பெற்ற பாட்டு எது தெரியுமா? ஒரு அன்னம் பாடிக்கொண்டே சாகிறது, அதுதான் பாட்டு. அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஐம்பது தடவைக்கு மேல் அச்சடித்தார்கள். மங்களம் இல்லை என்று யாரும் ஒதுக்கவில்லை. இன்றைக்கும் பாடுகிறார்கள்.

டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். மாட்ரிகல் செய்தவர்கள் சங்கீதம் படித்தவர்கள், பாடியவர்களும் வசதியானவர்கள், அதையும் தோட்டப் பாட்டையும் ஒன்றாக வைக்க முடியாது என்று. அது சரிதான். மெட்டு விஷயத்தில் இரண்டும் வேறு வேறுதான். எங்க அம்மாயிக்கு அன்னமும் இல்லை, மேசையும் இல்லை, முதுகில் கூடைதான். ஆனால் மாட்ரிகல் இன்று வரை இருப்பது நல்ல பாட்டு என்பதால் மட்டும் இல்லை. யாரோ எழுதி, யாரோ அச்சடித்து வைத்ததால். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மத்தலேனா கசுலானா என்ற பெண் 1568-இல் வெனிஸில் தன் மாட்ரிகல்களைப் புத்தகமாகப் போட்டார். தன் இசையை முழுப் புத்தகமாக அச்சில் கொண்டுவந்த முதல் பெண் அவர்தான் என்கிறார்கள். அறிவு ஆண்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பது தப்பு என்று அதன் முன்பக்கத்திலேயே எழுதினாராம். நமக்கும் ஒருவர் இருக்கிறார்! மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யரின் மனைவி. சிலோனில் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில், ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே பாட்டு கட்டி மேடையில் பாடியவர். 1940-இல் அந்தப் பாட்டுகளைப் புத்தகமாக வெளியிட்டார். பெண்கள் மேடை ஏறுவதே அபூர்வமான காலம் அது. தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலையிலிருந்து சிலோன் பாராளுமன்றத்துக்குப் போனவர். மந்திரிகளைப் பார்க்கிற ஆள் கொழுந்து எடுக்கிறவங்க பாட்டை உட்கார்ந்து எழுதியிருக்கிறார், பாருங்கள்.

இந்த மலையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. எமனோ என்ற மொழி அறிஞர் 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1971-இல் அது தடித்த புத்தகமாக வந்தது. தோடர்கள் வீட்டில் எது நடந்தாலும், எருமை விஷயம் ஆனாலும் கல்யாணம் ஆனாலும் சாவு ஆனாலும், உடனே பாட்டு கட்டிவிடுவார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்து ஒருவர் எழுத முடிந்தது. நமக்குப் பக்கத்து அறையில் இருக்கிற பாட்டியிடம் கேட்க முடியவில்லை!

சினிமா பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும்தான் ஆடுவேன். அதற்கு 'திரைப்பாடல்' என்று தனி இடம் கொடுங்கள். 'நாட்டுப்புறப் பாடல்' என்று எழுதிவிட்டு அதற்குள் சினிமாவை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு யோசனை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம். உங்க வீட்டு அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது படிக்கிற பாட்டை எழுதிக் கொண்டு வாருங்கள். தமிழ் மட்டும் இல்லை, படுகப் பாட்டு, கோத்தர் பாட்டு, இருளர் பாட்டு, மலையாளம், கன்னடம் எது இருந்தாலும் சரி. அவங்க சொல்கிற மாதிரியே எழுதுங்கள், செந்தமிழாகத் திருத்த வேண்டாம். எந்தத் தோட்டத்தில், யாரிடம் கற்றது என்று கீழே போடுங்கள். முக்கியமாக, எழுதலாமா என்று முதலில் கேளுங்கள். சில பாட்டை வெளியாள் முன்னால் படிக்கப் பிடிக்காது. மெட்டு எழுத்தில் நிற்காது. அதனால் வீட்டில் போன் இருந்தால் பதிந்தும் வையுங்கள்.

அம்மாயியிடம் மேடையில் படிக்கிறீங்களா என்று கேட்டேன். மைக் முன்னால் வராது, கையில் கொழுந்து இருந்தால்தான் வரும் என்கிறாங்க. வேண்டுமானால் ஆறேழு பேர் வந்து கற்றுக்கொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேலே வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருக்காங்க. வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி