செம்பு மலைப் புல்

ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் மோர் ஊற்றி வைக்கலாகாது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புளிப்புப் பட்டால் செம்பு கரையும்; களிம்பேறும். ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்து மண்ணுக்கே இந்தக் களிம்பேறிய விருத்தாந்தத்தை இவ்வாரம் கூறுவோம்.

காங்கோ தேசத்தின் தென்கோடியில், கட்டாங்கா என்னும் செம்புப் பிரதேசத்தில் இருப்பது லுபும்பாஷி. 1911-ஆம் ஆண்டில் பெல்ஜியக் கம்பெனியார் அங்கே உருக்காலை தொடங்கினர். செம்பு கப்பலேறிற்று, புகை ஊரிலேயே தங்கிற்று. தென்கிழக்குக் காற்று அப்புகையை ஆலைக்கு வடமேற்கே கொண்டு கொட்டியது. கந்தகம் மண்ணைப் புளிக்க வைத்தது. கூடவே விழுந்த உலோகத் தூள் அதில் கரைந்தது. மரமும் புல்லும் கலந்து வளரும் மியோம்போக் காடு அழிந்து பொட்டலாயிற்று. மழையற்ற மாதங்களில் அங்கே எழும் புழுதியைத்தான் அருகில் குடியிருப்போர் சுவாசிக்கிறார்கள்; குழந்தைகள் அதிலேதான் விளையாடுகிறார்கள். 1967-ல் கம்பெனி தேசிய உடைமையாயிற்று. மண் மாறவில்லை.

செடிகள் விஷத்தை உறிஞ்சி நிலத்தைச் சுத்தம் செய்துவிடும் என்று அடிக்கடி படிக்கிறோம். செம்பு விஷயத்தில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தழையில் ஏறிய விஷத்தை ஆடு மேய்ந்தால் யார் பொறுப்பு? லுபும்பாஷி சர்வகலாசாலையாரும் பெல்ஜிய விஞ்ஞானிகளும் வேறு வழி நாடினர். விஷத்தை வெளியே எடுப்பதன்று, இருந்த இடத்திலேயே கட்டிப் போடுவதே அவ்வழி.

இதற்குத் தூரதேசத்து விதை தேவைப்படவில்லை. கட்டாங்காவில் செம்புத்தாது மேலே தெரியும் குன்றுகள் நூற்றுக்கு மேல் உண்டு. மரம் அரிதான அக்குன்றுகளில் புல்லும் பூண்டும் நெடுங்காலமாகச் செம்போடு பழகி வாழ்கின்றன. ஒரு செடிக்குச் செம்புப்பூ என்றே பெயர். அது அடர்ந்த இடங்களைக் கொண்டு பழங்கால உலைக்களங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்! அக்கூட்டத்தைச் சேர்ந்த மைக்ரோகுளோவா ஆல்டெரா என்னும் குட்டைப் புல், யாரும் விதைக்காமலே புகை தீய்த்த பொட்டலில் குடியேறியிருந்தது. விஞ்ஞானிகள் அதையே சோதனைப் பாத்திகளில் நட்டனர். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பும், செம்பைப் பிடித்து நிறுத்த மக்கிய உரமும் இட்டனர். வேர் ஓடி மண் மூடிவிட்டால் புழுதி எழாது. மழைநீரும் விஷத்தை அரித்துச் செல்லாது.

ஆனால் அந்தக் குன்றுகளையே இப்போது செம்புக்கும் கோபால்ட்டுக்குமாக வெட்டுகிறார்கள். வேறெங்குமே காணாத செடிவகைகள் சுமார் 30 அங்கே இருக்கின்றன. வெட்டுமுன் மேல்மண்ணோடு செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. வேர் பிடித்தவை எத்தனை என்பதைச் சில மழைக்காலங்கள் பொறுத்துத்தான் எண்ண வேண்டும்.