சிரித்தது எதைப் பார்த்து?

1971-ம் ஆண்டு ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் வழக்கத்தைவிடக் கூடுதலாக டெலிபோன் ஆபரேட்டர்களை உட்கார வைத்திருந்தது. ஒன்பதரை மணிக்கு ஒரு புதிய நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடு. கொதித்தெழுந்து போனில் பொரிந்து தள்ளப் போகிறார்கள் நேயர்கள் என்பது நிர்வாகத்தின் கணிப்பு. முன்ஜாக்கிரதையாக, நம் எல்லோரிடமும் உள்ள பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் வேடிக்கையாகக் காட்டுவதே நோக்கம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் திரையில் வந்தது.

அரை மணி நேரம் ஓடியது. எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. சொற்ப அழைப்புகள்தான் வந்தன.

தொடரின் பெயர் 'ஆல் இன் த ஃபேமிலி'. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் ஆர்ச்சி பங்கர் என்ற தொழிலாளிதான் நாயகன். கறுப்பர்கள், யூதர்கள், போலந்துக்காரர்கள், பெண்ணுரிமை பேசுபவர்கள் என்று அவர் இளக்காரம் செய்யாத ஆளே இல்லை. வீட்டோடு தங்கிப் படிக்கும் மாப்பிள்ளையோ முற்போக்குவாதி. முதல் எபிசோடில் மாமனார், மாமியாரின் திருமண நாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் விருந்து தயார் செய்கிறார்கள். சர்ச்சிலிருந்து சீக்கிரமே திரும்பிவிடும் ஆர்ச்சி வாயைத் திறக்கிறார். அதுவரை அமெரிக்க டி.வி. நகைச்சுவையில் யாரும் உச்சரிக்காத வசைகள் எல்லாம் வரவேற்பறைக்குள் வந்து விழுகின்றன.

தயாரிப்பாளர் நார்மன் லியர், பி.பி.சி.யின் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரைத் தழுவி இதை உருவாக்கியிருந்தார். ஏறக்குறைய ஒரே கதையை மூன்று முறை படமாக்கினார். முதல் இரண்டையும் ஏ.பி.சி. நிறுவனம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. மூன்றாவதைத் துணிந்து எடுத்துக்கொண்டவர் சி.பி.எஸ். தலைவர் ராபர்ட் உட்.

ஆரம்ப வாரங்களில் தொடரைச் சீந்துவார் இல்லை. மே மாதம் எம்மி விருதுகள் வந்தன. கோடையில் மறுஒளிபரப்பு நடந்தபோதுதான் பலரும் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவின் முதலிடத் தொடர் அதுதான். முதல் இரவின் மௌனத்தை எதிர்ப்பு இல்லை என்றும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது, ஆதரவு இல்லை என்றும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பொருளே இல்லை.

நகைச்சுவைத் தொடர்களுக்கு இது புதிதல்ல. 1989 ஜூலையில் என்.பி.சி. ஒளிபரப்பிய 'சைன்ஃபெல்ட்' முதல் எபிசோடை, முன்னதாகவே நேயர் குழுக்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பலவீனம் என்பதே ரிப்போர்ட். நிறுவனத்தில் ஒரே ஒரு அதிகாரி, பாப் ஹோப் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒதுக்கியிருந்த பணத்தைத் திருப்பிவிட்டு மேலும் நான்கு எபிசோடுகளுக்கு வழி செய்தார். பின்னாளில் தொடரின் உயிர்நாடியான எலைன் பாத்திரம் அந்த முதல் எபிசோடில் இல்லவே இல்லை. 1998-ல் அதன் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் 7 கோடிக்கும் மேல். 1982-ல் 'சியர்ஸ்' தொடங்கியபோதும் அந்த வாரப் பட்டியலில் கிட்டத்தட்ட அடிமட்டத்தில்தான் இருந்தது. அது 11 சீசன்கள் ஓடியது.

காரணம் எளிது. சோகக் காட்சிக்கு அறிமுகம் தேவையில்லை. குழந்தை தொலைந்தால் யாருடைய குழந்தை என்று கேட்காமலே நெஞ்சு பதைக்கும். சிரிப்புக்கோ ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். கஞ்ச மாமா பர்ஸைத் திறந்தால் வீடே சிரிக்கும். அவர் கஞ்சர் என்று தெரியாத விருந்தாளி திருதிருவென விழிப்பார். முதல் எபிசோடு பார்க்கும் நேயர் அந்த விருந்தாளிதான்.

இந்தியாவிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2004 நவம்பரில் ஸ்டார் ஒன் சேனலில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடங்கியது. மாமியார்-மருமகள் கண்ணீர்த் தொடர்கள் இந்தி சேனல்களை ஆண்ட காலம் அது. அதே மாமியாரையும் மருமகளையும் எடுத்துக்கொண்டு, தென் மும்பையின் பணக்காரக் குடியிருப்பில் வைத்து, சண்டையை ரசனைச் சண்டையாக மாற்றியது இந்தத் தொடர். மாமியார் மாயாவாக ரத்னா பாடக் ஷா, மருமகள் மோனிஷாவாக ரூபாலி கங்குலி. ரேட்டிங் கைகொடுக்கவில்லை. 2006-ல் முடிந்துபோனது. மறுஒளிபரப்புகளிலும் பின்னர் இணையத்திலும்தான் அதற்கு ரசிகர் பட்டாளம் சேர்ந்தது. 2017-ல் ஹாட்ஸ்டாருக்காக அதே குடும்பத்தைத் திரும்ப அழைத்து வரும் அளவுக்குச் சேர்ந்தது.

ஆக, முதல் வாரத் தீர்ப்பை நம்பாதே என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமாக முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் திட்டினார்கள் என்பதையெல்லாம் தாண்டி இன்னொரு கேள்வி இருக்கிறது. சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?

ஆர்ச்சி பங்கர் விஷயத்தில் இந்தக் கேள்வி சீக்கிரமே எழுந்தது. 1971 செப்டம்பரில் நாவலாசிரியை லாரா ஹாப்சன், 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். நிஜ வெறியர்கள் பேசும் மிக மோசமான வசைகளைத் தவிர்த்துவிட்டு, கொஞ்சம் மிருதுவானவற்றை மட்டும் ஆர்ச்சி வாயில் போடுவதன் மூலம் வெறுப்பைச் செல்லப்பிள்ளையாக்குகிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே லியர் அதே இதழில் பதில் எழுதினார். ஆர்ச்சியின் பல குணங்களை அவர் தம் சொந்தத் தந்தையிடமிருந்துதான் எடுத்திருந்தார். தப்பெண்ணம் கொண்டவர் அன்பானவராகவும் இருக்க முடியும், நம் வீடுகளில் இருப்பது அப்படிப்பட்டவர்கள்தான் என்பது அவர் கட்சி.

இருவரில் யார் சரி? 1974-ல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க மாணவர்களிடமும் கனடா நாட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோருமே தொடரை ரசித்தார்கள். ஆனால், தப்பெண்ணம் மிகுந்த பலருக்கு அது கேலியாகவே தெரியவில்லை. ஆர்ச்சி நியாயத்தைப் பேசுகிறார், மாப்பிள்ளைதான் கோமாளி என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரே வசனம், ஒரே சிரிப்பு. இரு வேறு தொடர்கள். 1972 தேர்தல் ஆண்டில் 'ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குங்கள்' என்ற பேட்ஜுகள் விற்றன. வாங்கியவர்களில் வேடிக்கைக்கு வாங்கியது யார், மனசாரக் குத்திக்கொண்டது யார் என்று யாரால் பிரிக்க முடியும்?

இந்த அனுபவம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல. 1984 ஜூலை 7-ம் தேதி தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. அது நகைச்சுவைத் தொடர் அல்ல. மெக்சிகோ பாணியில் சமூகச் செய்தி சொல்ல வந்த குடும்பக் கதை. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஆரம்ப எபிசோடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் தூக்கலாக இருந்தது. நேயர்கள் முகம் சுளித்தார்கள். 13 எபிசோடுகளுக்குப் பிறகு உபதேசத்தைக் குறைத்து, கதைக்கு இடம் கொடுத்தார் ஜோஷி. ஒரே சேனல் இருந்த காலம் என்பதால் அந்தத் திருத்தத்துக்கு அவகாசம் கிடைத்தது. தொடர் 156 எபிசோடுகள் ஓடியது. 4 லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்து குவிந்தன.

அந்தக் கதையில் பகவந்தி என்ற தாய். கணவனுக்கும் மாமியாருக்கும் அடங்கி, திட்டு வாங்கி, வாய் திறக்காமல் உழைப்பவள். பெண் இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். தொடர் முடிந்த பிறகு அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் நேயர்களிடம் விசாரித்தபோது, கணிசமானவர்கள் பகவந்தியைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். எச்சரிக்கைப் பலகையாக நட்டதை விக்கிரகமாகக் கும்பிட்டுவிட்டார்கள். இதற்கு ஆய்வாளர்கள் சூட்டிய பெயரே 'ஆர்ச்சி பங்கர் விளைவு'.

'சாராபாய்' தொடரிலும் இந்த இழை ஓடுகிறது. மருமகளை மாயா 'மிடில் கிளாஸ்' என்று இகழும்போது சிரிக்கும் ஒருவர் மாயாவின் மேட்டிமையைப் பார்த்துச் சிரிக்கலாம். இன்னொருவர் மோனிஷாவின் சிக்கனத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ரேட்டிங் பட்டியலில் இருவரும் ஒன்றுதான்.

இன்று தீர்ப்பு இன்னும் வேகமாகிவிட்டது. முதல் எபிசோடு முடிவதற்குள் செல்போனில் விமர்சனம் வந்துவிடுகிறது. எந்த நிமிடத்தில் எத்தனை பேர் நிறுத்தினார்கள் என்பது வரை கணக்கெடுக்க ஸ்ட்ரீமிங் நிறுவனங்களால் முடிகிறது. 'சைன்ஃபெல்ட்' போல நான்கு எபிசோடு கடன் கொடுக்கும் அதிகாரியோ, 'ஹம் லோக்' போல 13 எபிசோடு பொறுத்துக்கொள்ளும் சேனலோ இனி அபூர்வம். இது ஒரு நஷ்டம். யார் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை எந்தக் கணக்கும் இன்றுவரை சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

அந்த ஜனவரி இரவில் ஆபரேட்டர்கள் கோபப்பட்டவர்களை எண்ணத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஆர்ச்சி சொல்வது சரிதானே என்று தலையாட்டியபடி டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்களை அவர்களால் எண்ண முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் போன் செய்வதில்லை.