விண்வெளி நிலையத்தில் ஹாம் வானொலித் திட்டங்கள்: ஒருங்கிணைப்பு குறித்த நிலைப்பாடு

மனிதர் தங்கும் விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் ஹாம் (அமெச்சூர்) வானொலித் திட்டம் எதுவாயினும் ஒரே சர்வதேசக் குழுவின் வழியாகவே செல்ல வேண்டும்; சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பின் வரவிருக்கும் நிலையங்களிலும் இந்த ஏற்பாடு தொடர வேண்டும். இதுவே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

விண்வெளியிலிருந்து ஹாம் வானொலியில் முதலில் பேசியவர் ஓவன் கேரியட். 1983இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்த அவர், ஒரு கையடக்கக் கருவியையும் ஜன்னலில் பொருத்திய ஆண்டெனாவையும் கொண்டு தம் ஓய்வு நேரத்தில் தரையிலிருந்த ஹாம்களுடன் பேசினார். 1988 முதல் ரஷ்ய மிர் நிலையத்திலும் ஹாம் வானொலி ஒலித்தது. மிர்ரில் காலப்போக்கில் வெவ்வேறு நாட்டுக் குழுக்களின் கருவிகள் சேர்ந்தன; ஒவ்வொரு குழுவுக்கும் தனித் திட்டம், தனி ஏற்பாடு. அடுத்த நிலையத்திலும் அதே நிலை வரக்கூடாது என்றுதான் 1996 நவம்பரில் ஹூஸ்டனிலுள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் பல நாட்டு ஹாம் அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடி, இன்று ‘அரிஸ்’ எனப்படும் கூட்டுக்குழுவை உருவாக்கினர். 2000 செப்டம்பரில் அட்லாண்டிஸ் விண்கலம் சர்வதேச நிலையத்துக்கு முதல் கருவிகளைக் கொண்டுசென்றது. நவம்பரில் முதல் குழுவினர் குடியேறினர்; டிசம்பரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் அவர்களுடன் பேசிவிட்டனர்.

ஒரே வாசல் ஏன் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் அலைவரிசை. நிலையத்திலிருந்து வரும் குரல் தரையில் கேட்பது 145.800 மெகாஹெர்ட்ஸில். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்பும்போது, சுற்றிலும் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவர்கள்கூட அதைக் கேட்கலாம். ஐரோப்பாவின் மேல் நிலையம் கடக்கும்போது ஒருவர் படம் அனுப்ப, இன்னொருவர் பள்ளி உரையாடல் நடத்த முயன்றால் இரண்டுமே கெடும்; கெடுவது ஓர் ஊரில் மட்டுமல்ல, கண்டம் முழுவதும்.

இரண்டாவது, விண்வெளி வீரர்களின் நேரம். நிலையம் ஓர் ஊரின் அடிவானத்தில் தோன்றி மறுபக்கம் மறைய அதிகபட்சம் பத்து நிமிடந்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் மாணவர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக ஒலிவாங்கியை நெருங்கி, கேள்வியைப் படித்து ‘ஓவர்’ என்று முடிக்க வேண்டும். மேலே இருப்பவரின் வேலை அட்டவணையில் அந்த நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். வீரர்கள் வெளியே இறங்கி வேலை செய்யும் நாட்களில் பாதுகாப்புக்காக வானொலியையே அணைத்துவைப்பது வழக்கம். தீப்பிடிக்கும் தன்மை, வாயுக் கசிவு, பிற கருவிகளுக்கு இடைஞ்சல் எனக் கருவிக்கான சோதனைகளும் நீளம். ஒவ்வொரு ஹாம் மன்றமும் தனித்தனியே கதவைத் தட்டினால் விண்வெளி முகமைகள் கதவையே மூடிவிடும்.

ஒரே குழு என்றால் புதுமை முடங்கும் என்ற எதிர்வாதம் ஒதுக்கத்தக்கதல்ல. ஆயினும் 2006 பிப்ரவரியில் பழைய ரஷ்ய விண்ணுடை ஒன்றுக்குள் வானொலிக் கருவியை வைத்து நிலையத்திலிருந்து வெளியே தள்ளிவிட்ட ‘சூட்சாட்’ திட்டம் இந்த வாசல் வழியாகவே போனது. அதன் ஒலி எதிர்பார்த்ததைவிட மிக மெலிதாகவே கேட்டது என்பது வேறு விஷயம். இத்தனை விசித்திரமான யோசனைக்கும் இடம் கிடைத்தது என்பதே இங்கு முக்கியம்.

முன்னுரிமையைப் பொறுத்தவரை, வீரர்களின் நேரத்தில் பள்ளி உரையாடலுக்கே முதலிடம். 2025 ஜூலையில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்திலிருந்து பெங்களூரில் இருந்த மாணவர்களுடன் ஹாம் வானொலியில் பேசியது இவ்வகையே. தனியார் பயணங்களில் செல்வோருக்கும் இதே வரிசை, இதே விதி. விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ அலைவரிசையைக் கொடுக்கக்கூடாது. மற்றத் திட்டங்கள் ஆள் தொடாமல் தாமாக இயங்குபவையாக இருக்க வேண்டும். சர்வதேச நிலையத்தின் கொலம்பஸ் பகுதியில் 2020 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய புதிய கருவி ரிப்பீட்டராக வேலை செய்வது இதற்கு நல்ல முன்மாதிரி: அனுமதி பெற்ற எந்த ஹாமும் 145.990 மெகாஹெர்ட்ஸில் பேச, அது 437.800இல் திருப்பி ஒலிக்கிறது; வீரர் அருகில் நிற்க வேண்டியதில்லை.

சீனாவின் தியாங்கோங் நிலையம் இந்தக் கூட்டுக்குள் இல்லை. எனவே ஒரே வாசல் என்ற விதிக்கு அது மட்டும் விலக்கு. ஆனால் அலைவரிசைகள் எல்லோருக்கும் பொது என்பதால், சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு அதற்கும் தேவை.

அவசரமானது ஆண்டெனா விவகாரம். தொடக்கத்தில் சர்வதேச நிலையத்தின் சார்யா பகுதியில், விண்கல இணைப்புக்காக வைத்த ஆண்டெனாவையே ஹாம்கள் இரவல் வாங்கினர். ஸ்வெஸ்தா பகுதிக்கான ஆண்டெனாக்களை 2002இல் வீரர்கள் வெளியே இறங்கிப் பொருத்த நேர்ந்தது. கொலம்பஸுக்கோ 2008இல் ஏவுவதற்கு முன்பே தரையிலேயே பொருத்தியாயிற்று. செலவிலும் ஆபத்திலும் இரண்டுக்கும் உள்ள தூரம் சொல்லத் தேவையில்லை. சர்வதேச நிலையத்தின் பணி 2030ஐ ஒட்டி முடிவடையத் திட்டமிடப்பட்டுள்ளது. அதன் இடத்துக்கு வரவுள்ள தனியார் நிலையங்களின் வரைபடங்கள் இப்போதே உருவாகின்றன. வெளிச்சுவரில் ஆண்டெனாவுக்கு ஓர் இடம், அதிலிருந்து உள்ளே வரும் கேபிளுக்கு ஒரு துளை, கருவிக்கு ஒரு மின் இணைப்பு ஆகிய மூன்றையும் அந்த வரைபடங்களிலேயே சேர்க்கும்படி கூட்டுக்குழு அந்நிலையங்களைக் கட்டும் நிறுவனங்களை எழுத்துமூலம் கேட்க வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது.