கழிந்த மின்கலமும் கழியாத செல்வமும்

பொற்கொல்லர் தெருவின் புழுதியை அள்ளி, நீரில் அரித்துப் பொன் துகள் எடுத்துப் பிழைப்போர் நம் நாட்டில் நெடுங்காலமாக உளர். எறிந்ததிலும் செல்வம் உண்டென்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கைப்பேசியும் மின்வண்டியும் மலிந்த இந்நாளில் அவ்வறிவு நமக்கு மிகவும் வேண்டற்பாலது.

1991ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம், ஆற்றல் குன்றிய பின்னரும் தன்னகத்துள்ள உலோகங்களை இழப்பதில்லை. லித்தியம், கோபால்ட், நிக்கல், செம்பு, அலுமினியம் ஆகியன அதனுள்ளேயே கிடக்கின்றன. எஞ்சிய மின்னை முதற்கண் வெளியேற்றி, நொறுக்கிச் சலித்தால் கருந்தூள் கிடைக்கும். அதனைக் கந்தக அமிலத்திற் கரைத்து உலோகங்களைப் பிரித்தல் ஒரு முறை. உலையில் உருக்குதல் மற்றொரு முறை. உலையிற் கோபால்ட்டும் நிக்கலும் செம்பும் கைவரும். லித்தியமோ கசடோடு போய்விடும். அமில முறையில் அதனையும் பெறலாம்.

இனி, சட்டம் யாது செய்கின்றது? இந்திய அரசு 2022இல் வகுத்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் ஏற்றின. இது போற்றத்தக்கதே. கையடக்க மின்கலங்களிலும் மின்வண்டி மின்கலங்களிலும் 2026-27 முதல் உலர் எடையில் 90 விழுக்காடு மீட்கவேண்டுமென்றும் அவை விதித்தன. ஆயின், ஈண்டு ஒரு குறை காண்கிறோம். மின்கலத்தின் எடையில் லித்தியம் நூற்றில் ஐந்து பங்கினும் குறைந்தது. எனவே, லித்தியம் முழுவதையும் இழந்தவரும் எடைக் கணக்கில் தேறிவிடக் கூடும். ஐரோப்பிய ஒன்றியமோ தன் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் உலோகந்தோறும் தனித்தனி அளவு வகுத்து, லித்தியத்தில் 2027 இறுதிக்குள் 50 விழுக்காடும், 2031 இறுதிக்குள் 80 விழுக்காடும் மீட்கப் பணித்துள்ளது. அம்முறையே நமக்கும் ஏற்றது என்போம்.

கோபால்ட் விலை மிக்கது. அதன்பொருட்டுப் பழைய மின்கலத்தை வாங்குவார் உளர். கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் வகையை விரும்பி வாங்குவார் யாவர்? இலாபம் ஒன்றையே கருதி இத்தொழில் நடக்குமாயின், அவை குப்பைமேட்டையே சேரும். அங்கு நசுங்கித் தீப்பற்றின், நச்சுப் புகையை முதலில் நுகர்வோர் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழையரே அன்றோ? ஆதலின், விலை பெறாத கலத்தையும் விலை கொடுத்துத் திரும்பப் பெறும் கடப்பாடு, அதனை விற்று ஊதியம் கண்டவர்க்கே உரியது.

மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. விடுதிப் பெட்டிகளில் உறங்கும் பழைய கைப்பேசிகளைக் குப்பையில் இடாது, உரிமம் பெற்ற மீட்பாளரிடம் சேர்ப்பிப்போமாக. திரட்டுவார் இன்றேல் உலையாலும் அமிலத்தாலும் பயன் யாது?