எலெக்ட்ரிசிட்டிக்கு எதுகை எங்கே இருக்கு?

மக்களே, ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டிருந்த மேட்டர் இது. இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால எழுதிடுறேன்.

தமிழ்ல ராப் எழுதுறவங்க, ஆல்பம் பாட்டு எழுதுறவங்க, ஆபீஸ் ஆண்டுவிழாவுக்குக் கானா எழுதுறவங்க எல்லாருக்கும் ஒரு வியாதி இருக்கு. பாட்டுக்குள்ள நாலஞ்சு அசை நீளத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்துட்டா போதும், உடனே அதோட வாலைப் பிடிச்சுத் தொங்குவாங்க. எலெக்ட்ரிசிட்டின்னு வந்தா யூனிவர்சிட்டி. எலெக்ஷன்னு வந்தா ஸ்டேஷன். ரைம் வந்துடுச்சாம்! அதுக்கு மேல, 'தமிழ்ல இந்த மாதிரி ரைம் எல்லாம் வராதுப்பா, அதான் இங்கிலீஷ்'னு ஒரு பஞ்ச் வேற. இந்தப் பஞ்ச்சைக் கேட்டாத்தான் எனக்கு டென்ஷன் ஆகுது.

முதல்ல இங்கிலீஷ் கணக்கையே பார்ப்போம். அங்க ரைம்ங்கறது கடைசி எழுத்து ஒத்துப்போறது இல்லை. ஒரு வார்த்தையில எந்த உயிரொலி மேல அழுத்தம் விழுதோ, அங்க இருந்து கடைசி வரைக்கும் ஒலி ஒண்ணா இருக்கணும். பென்ஷன், டென்ஷன் சரியான ரைம். எலெக்ஷனும் ஸ்டேஷனும் கிடையாது. ஒண்ணுல 'லெக்' மேல அழுத்தம், இன்னொண்ணுல 'ஸ்டே' மேல. எலெக்ட்ரிசிட்டியில அழுத்தம் 'ட்ரி' மேல விழுது. அதனால அதுக்கு ஜோடி பப்ளிசிட்டி, சிம்ப்ளிசிட்டி. 'வர்' மேல அழுத்தம் விழுற யூனிவர்சிட்டி வரிசையிலயே நிக்க முடியாது. அதாவது நம்ம ஆளுங்க இங்கிலீஷ் ரைம்னு நினைச்சுப் பண்றது இங்கிலீஷ் கணக்குலயே ஃபெயில்.

இங்கிலீஷ்காரனுக்கும் நீளமான வார்த்தைன்னா கஷ்டம்தான். அதுக்கு அவன் கண்டுபிடிச்ச வழி அழகானது. ஒரு பெரிய வார்த்தைக்கு இன்னொரு பெரிய வார்த்தையைத் தேடாம, மூணு சின்ன வார்த்தையை ஒட்டவெச்சு ஒலியைக் கொண்டுவந்துடுவான். பைரன் தன்னோட 'டான் யுவான்'ல (1819ல வர ஆரம்பிச்சது) இன்டெலெக்சுவல்ங்கற வார்த்தையை இப்படித்தான் மடக்கினார். ஆரஞ்சுக்கு ரைமே இல்லைன்னு ஊரே சொல்லிட்டிருந்தப்ப, 2010ல ஒரு டிவி பேட்டியில எமினெம் உச்சரிப்பை லேசா வளைச்சு டோர் ஹிஞ்ச், போரிட்ஜ்னு அடுக்கிக் காட்டினார். இவங்க ரெண்டு பேரும் காதை நம்பினவங்க. நம்மாளுங்க ஸ்பெல்லிங்கை நம்புறாங்க.

சரி, இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம்.

தமிழ்ல கடைசி எழுத்து ஒத்துப்போறதுக்கு இயைபுன்னு பேரு. தொல்காப்பியர் செய்யுளியல்லயே மோனை, எதுகையோட சேர்த்து அதையும் சொல்லியாச்சு. ஆனா நம்ம கவிஞருங்க பெருசா மதிச்சது எதுகையை, அதாவது ரெண்டாம் எழுத்தை. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம மொழியில வினை பொதுவா கடைசியிலதான் வரும், விகுதி அதோட வாலுல ஒட்டிக்கிட்டிருக்கும். வந்தான், போனான், தின்னான், தூங்கினான். நாலு வரி எழுதினா நாலும் தானா ரைம் ஆயிடும். காசே குடுக்காம கிடைக்கிற சரக்குக்கு யாரு மதிப்புக் குடுப்பா? அதனால நம்ம காது வரியோட தலைப்பக்கம் போய் உக்காந்துக்கிச்சு. தெலுங்கு, கன்னடத்துலயும் பிராசம்னா ரெண்டாம் எழுத்துதான். எலெக்ட்ரிசிட்டி, பப்ளிசிட்டி எல்லாம் இதே கதைதான். அந்த 'சிட்டி' வேற ஊர்ல இருந்து வந்த விகுதி, அவ்வளவுதான். 'ஆன்' விகுதியை இலவசம்னு ஒதுக்கின நாம 'சிட்டி'க்கு மட்டும் ஏன் சிவப்புக் கம்பளம் விரிக்கணும்?

இன்னொரு விஷயம். நாம எலெக்ட்ரிசிட்டின்னு சொல்லும்போது வெள்ளைக்காரன் மாதிரி 'ட்ரி'யில அழுத்துறதில்லை. கிட்டத்தட்ட சமமா உருட்டிவிட்டுடுவோம். (எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் அந்த வார்த்தையையே சொல்ல மாட்டாங்க. 'கரண்ட்' போச்சு, 'கரண்ட்' வந்துச்சு, அவ்வளவுதான். அது வேற விஷயம்.) அழுத்தமே இல்லாத நம்ம வாயில அழுத்தத்தை நம்பி இருக்கிற ரைம் எப்படி நிக்கும்?

நம்ம கணக்குல பாருங்க. எதுகையிலயே தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. முதல் எழுத்து தவிர சீர் முழுக்க ஒத்து வந்தா தலையாகு எதுகை. பென்ஷனும் டென்ஷனும் அதுதான். எலெக்ஷனும் கலெக்ஷனும் அதுதான் (அர்த்தத்துலயும் பொருத்தம்!). ரெண்டாம் எழுத்து மட்டும் ஒத்தா இடையாகு எதுகை. மெய் ஒண்ணா இருந்து உயிர் மாறினா வருக்க எதுகை, வல்லினத்துக்கு வல்லினம், இடையினத்துக்கு இடையினம்னு வந்தா இன எதுகை. இந்த மாதிரி எல்லாம் கடையாகு எதுகை. கிட்டத்தட்ட ரைம்னு இன்னிக்கு ராப்காரங்க பெருமையா சொல்றாங்களே, அதுக்கு நாம இனம் வாரியாப் பேரு வெச்சு, தரமும் போட்டு வெச்சிருக்கோம். சூடாமணி நிகண்டோட பதினோராம் தொகுதியில வார்த்தைகளையே எதுகைப்படிதான் அடுக்கியிருக்காரு மண்டல புருடர். லண்டன்ல வாக்கர் 1775ல வார்த்தைகளை வாலுப் பக்கமிருந்து அடுக்கி ரைம் அகராதி போடுறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மகிட்ட தலைப்பக்க அகராதி இருந்துச்சு.

ஊர்ப்பேரையே எடுத்துக்கோங்களேன். கள்ளக்குறிச்சிக்கு ரைம் கேட்டா ஆழ்வார்குறிச்சின்னு திருநெல்வேலிப் பக்கம் ஓடுவாங்க. எதுக்கு அவ்வளவு தூரம்? டவுன்ல இருந்து கல்வராயன் மலைக்கு ஏறுற பஸ் எங்க போகுது? வெள்ளிமலை. கள்ள, வெள்ளி. ள்-க்கு அப்புறம் வர்ற எழுத்துலயும் அதே ளகரம். கல்வராயனையே எடுத்தாலும் ல், ள் ரெண்டும் இடையினம், ஆக இன எதுகை. 'க'வுக்கு 'க' மோனை இலவச இணைப்பு. 2019ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனப்ப மலையும் எங்களோடயே வந்துச்சு, எதுகை காப்பாத்தப்பட்டது :-)

இந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கு, தனித்தமிழ்க் கோஷ்டி. 'வெண்பாவுல இங்கிலீஷா? யாப்பு தாங்காது'ம்பாங்க. யாப்பு தாங்கும் சார், நீங்கதான் தாங்க மாட்டேங்கறீங்க. வடசொல்லை வட எழுத்தை விலக்கித் தமிழ் எழுத்துல எடுத்துக்கலாம்னு எச்சவியல்ல தொல்காப்பியரே வழி காட்டியிருக்காரு. அதே வழியில எலெக்ட்ரிசிட்டியைத் தமிழ் வாய்க்குக் கொண்டு வந்தா 'எலெட்டிரிசிட்டி'. அலகிட்டா நிரை நிரை நேர் நேர், கருவிளந்தண்பூ. நாலசைச் சீர் வெண்பாவுக்கு ஆகாது, உண்மைதான். வகையுளி போட்டு வெட்டுங்க: எலெட்டிரி, சிட்டி. கருவிளம், தேமா. விளம் முன் நேர், வெண்டளை தானா வந்து உக்காருது. நான் எழுதினது ஒண்ணு:

எலெட்டிரி சிட்டி எதிர்பார்த்த மக்கள்
மலைமேலே ஏற்றும் விளக்கு.

எலெ, மலை வருக்க எதுகை. எ-வுக்கு எ பொழிப்பு மோனை. ரெண்டாவது அடியில ம-வுக்கு வ இன மோனை. காளிதாசன் ரேஞ்சுக்கு இல்லைன்னாலும் தளை தட்டலை. 'யூனிவர்சிட்டி'யைத் தேடிப் போயிருந்தா அந்த மலையும் விளக்கும் எனக்குக் கிடைச்சிருக்குமா? வாலைத் தேடினா இன்னொரு இங்கிலீஷ் வார்த்தைதான் கிடைக்கும், அப்புறம் அதுக்கு இன்னொண்ணு, கடைசியில பாட்டுல தமிழுக்கு நிக்க இடம் இருக்காது. தலையைத் தேடினா மலை, வலை, விலை, கொலை, தலைன்னு தமிழ் வார்த்தையா வந்து க்யூவுல நிக்கும்.

ரைம்ஸோன் மாதிரி தளங்கள் இருக்கே, தமிழுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. யாப்பு பார்க்க அவலோகிதம் இருக்கு. எதுகை தேட நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கலாம், இருபது முப்பது வரி ஆகும். ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. யூனிகோடுல ரெண்டாம் எழுத்தும் ரெண்டாம் கேரக்டரும் ஒண்ணு இல்லை. கள்ளக்குறிச்சி நமக்கு எட்டு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பதினாலு. புள்ளியையும் கொம்பையும் காலையும் அது தனித்தனியா எண்ணும். முதல்ல எழுத்தாக் கூட்டிச் சேர்த்துட்டு, அப்புறம் ரெண்டாவதை எடுங்க. முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்னு ஒரு 'இஃப்' போடுங்க. மிச்சத்தை இன எதுகை டேபிள் பார்த்துக்கும்.

டிஸ்கி: அடுத்த வார்த்தை 'ரெஸ்பான்சிபிலிட்டி'. ரெண்டாம் எழுத்து ஸ். பெருங்காயத்துல இருந்து கஸ்தூரி வரைக்கும் மோந்து பார்த்துட்டேன், கஸ்தூரிதான் ஒட்டுது. வேற யாருக்காவது மாட்டினா சொல்லுங்க.