ஒலிக்காக விட்டுக்கொடுத்த படம்

1953-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையம் வர்ணத் தொலைக்காட்சி முறைக்கு அங்கீகாரம் அளித்தபோது, அந்நாட்டு இல்லங்களில் ஏற்கெனவே இரண்டு கோடிக்கும் அதிகமான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. அவை யாவும் புதிய ஒளிபரப்பையும் குறையின்றிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைதான், என் அபிப்பிராயத்தில், அம்முறையை வகுத்த நிபுணர்களின் சாமர்த்தியத்துக்கு மூலகாரணம்.

சங்கடம் இதுதான். படத்தைச் சுமந்து வரும் அலைக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலியின் அலை இருந்தது. புதிதாக வந்த வர்ணம் ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸில் இடம்பிடித்தது. பெட்டிக்குள், வந்த அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் டையோடில் இவ்விரண்டும் கலந்துவிட்டால், அவற்றின் வித்தியாசமாகிய 0.92 மெகாஹெர்ட்ஸில் மூன்றாவது அலையொன்று பிறந்து, திரையெங்கும் நெளிகோடுகளாக ஊர்ந்து படத்தைக் கெடுக்கும். ஆதலால் வர்ணப் பெட்டிகளை அமைத்தவர்கள், ஒலியை முன்னதாகவே பிரித்துத் தனி டையோடுக்கு அனுப்பிவிட்டு, படம் செல்லும் வழியில், பெட்டிக்குள் ஒலி மாற்றப்பட்டு வரும் இடைநிலை அலைவெண்ணாகிய 41.25 மெகாஹெர்ட்ஸில் ஒரு தடுப்புச் சுற்றை வைத்து, எஞ்சிய ஒலியை நசுக்கினார்கள்.

அப்படியும் மிஞ்சும் சிறு அலை கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டுமானால், அது வரி வேகத்தின், அதாவது வினாடிக்குத் திரையில் வரையப்படும் வரிகளின் எண்ணிக்கையின், பாதியினுடைய ஒற்றைப்படை மடங்காக அமைய வேண்டும். அப்போது ஒரு வரியில் இருண்ட புள்ளிக்கு நேராக அடுத்த வரியில் ஒளிர்ந்த புள்ளி விழ, இரண்டும் கண்ணில் சமமாகிவிடும். ஒலியை 4.5 கிலோஹெர்ட்ஸ் மட்டும் உயர்த்தியிருந்தால் காரியம் எளிதில் முடிந்திருக்கும். ஆனால் பழைய பெட்டிகளின் ஒலிச் சுற்றுகளோ 4.5 மெகாஹெர்ட்ஸுக்கென்றே சுருதி கூட்டப்பட்டவை. எனவே ஒலியைத் தொடாமல், வினாடிக்கு 15,750 ஆக இருந்த வரிகளை 4.5 மெகாஹெர்ட்ஸின் 286-இல் ஒரு பங்காகிய 15,734.26 ஆகக் குறைத்தார்கள். வினாடிக்கு 30 ஆக இருந்த படங்களும் 29.97 ஆயின. பணம் கொடுத்துப் பெட்டி வாங்கிய சாதாரணக் குடும்பத்தின்மேல் பாரத்தை ஏற்றாமல், கணக்கின் அழகைத் தியாகம் செய்த அந்தத் தீர்மானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதன் விலையைப் பின்னால் வந்த படத்தொகுப்பாளர்கள் செலுத்தினார்கள். வினாடிக்கு முப்பது என்று படங்களை எண்ணினால் மணிக்கு 3.6 வினாடி கடிகாரத்தோடு ஒவ்வாமற்போவதால், ஒவ்வொரு பத்தாவது நிமிஷமும் நீங்கலாக மற்ற எல்லா நிமிஷங்களின் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி, மணிக்கு 108 எண்களை விட்டுவிட்டே அவர்கள் எண்ண வேண்டியதாயிற்று.