தாலாட்டின் மாத்திரையும் மழலையின் மூளையும்

நாட்டார் வழக்காற்றியல் தாலாட்டின் பாடுபொருளை விரிவாக ஆராய்ந்துள்ளது. தாய்மாமன் சீரும் குலப்பெருமையும் தாயின் துயரும் வகைதொகை செய்யப்பட்டுள்ளன. எனினும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அப்பொருள்கள் விளங்குவதில்லை. அது பெறுவது ஒலியின் நீட்டமும் நிறுத்தமுமே. தாலாட்டு அச்சேறும்போது நாம் இழப்பனவும் அவையே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமி குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வுகள் இங்குக் கருதத்தக்கன. 4, 7, 11 மாதக் குழந்தைகள் ஆங்கிலச் சிறார் பாடல்களைக் கேட்கையில் அவர்தம் மூளை மின்னலைகள் பதிவு செய்யப்பட்டன. நொடிக்கு 4 சுழற்சிக்கு உட்பட்ட டெல்டா அலைகளும், 4 முதல் 8 வரையிலான தீட்டா அலைகளும் பாட்டொலியின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தன. பெரியவர்களிடமும் அவ்வாறே. ஆனால், விரைவான அலைகளை ஒழுங்குபடுத்துவதில் குழந்தைகளிடம் இரண்டும் ஒத்து நின்றன. பெரியவர்களிடம் தீட்டாவே மேலோங்கியது. வயதும் மொழிப்பயிற்சியும் இம்மாற்றத்திற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

இம்முடிவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஆங்கிலத்தின் தாளம் அழுத்த அசைகளைச் சார்ந்தது. தமிழிலோ ‘படம்’, ‘பாடம்’ என்பவற்றைப் பிரிப்பது உயிரின் அளவே. இமைப்பையும் நொடியையும் கொண்டு மாத்திரையை வரையறுத்த தொல்காப்பியர், இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலிக்கும் என்பதையும் நூன்மரபில் ஏற்கின்றார். அங்ஙனமாயின், குறிலும் நீண்டொலிக்கும் தாலாட்டிலிருந்து குழந்தை குறில் நெடில் வேறுபாட்டை எவ்வாறு உணர்கிறது? இவ்வினா இலக்கணத்திற்கும் நரம்பியலுக்கும் பொதுவானது.

இதனை ஆராயச் சென்னையின் மேற்குப் புறநகர் ஏற்ற களம். ஆவடியின் பாதுகாப்புத்துறை நிறுவனங்களும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பன்மொழியாளரை அங்குக் குடியமர்த்தியுள்ளன. அங்கும் பூந்தமல்லியிலும் தமிழ் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளையும் பிறமொழித் தாலாட்டையும் உடன்கேட்டு வளரும் குழந்தைகளையும் ஒப்பிட இயலும்.

அதற்கு முன் தமிழ்த்துறைகள் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. தாலாட்டுத் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒலிப்பதிவோடு அமைதல் வேண்டும். எழுத்திற்குரிய மாத்திரையும் பாடுகையில் அது பெறும் கால அளவும் அருகருகே குறிக்கப்படல் வேண்டும். இத்தரவினை நரம்பியலார் தாமே உருவாக்க இயலாது, யாப்பறிந்தோரே தரவல்லர். பாடத்தெரிந்த மூதாட்டியர் குறைந்துவரும் இக்காலத்தில் வரிகளை மட்டும் தொகுத்து அமைவது, பாட்டை விட்டு அதன் சொற்களை மட்டும் காப்பதாகும்.